பட்டாளத்துக்காரர் படமும் டிரங்குப் பெட்டி மெடலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய கல்யாண போட்டோக்களைப் பாதுகாக்கிறது பத்தி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பார்த்தா நெறைய பேர் கேட்டிருக்கிறது பட்டாளத்துல இருந்த ஐயாவோட படம், அப்பச்சியோட மெடல், பெட்டிக்குள்ள இருக்கிற கொடி இதையெல்லாம் எப்படி வச்சுக்கிறதுன்னுதான். அதனால இந்தத் தடவை முழுக்க அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிட்டோம்.

எங்க ஐயா மிலிட்டரி டிரெஸ்ல நிக்கிற கருப்பு வெள்ளைப் படம் வளவுல (முற்றத்தைச் சுத்தின பகுதி) நிலைக்கு மேல சாய்ச்சு மாட்டியிருக்கு. கண்ணாடியோட ஒட்டிக்கிடுச்சு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. மகன் போன்ல ஏதோ ஆப்ல போட்டு கலராக்கிக் குடுத்தான், பாக்க நல்லா இருக்கு. அதையே பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிட்டு பழசை எடுத்துரலாம்னு வீட்ல பேச்சு. படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வர்றாக, அதுக்குள்ள முடிக்கணும். (வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, பழசைத் தூக்கி மட்டும் போட்ராதீங்க, மொதல்ல அதைச் சொல்லிடுறேன். கண்ணாடியோட ஒட்டின படத்தை பிளேடு விட்டு நெம்புறது, ஆவி காட்டுறது, தண்ணில ஊற வைக்கிறது எதுவும் வேண்டாம், படத்தோட மேல் பூச்சு கண்ணாடியிலயே நின்னுக்கும், உங்க கைக்கு வெள்ளைப் பேப்பர்தான் வரும், அப்புறம் எந்த ஸ்டூடியோவாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணாடியோட சேர்த்தே ஸ்கேன் பண்ணலாம். கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் லேசா ஈரமான துணியால துடைச்சிட்டு ஃபிளாட் ஸ்கேனர்ல 600 டி.பி.ஐ.ல எடுக்கச் சொல்லுங்க, பாஸ்போர்ட் அளவு சின்னப் படம்னா 1200. டிஃப் ஃபைலா ஒண்ணு, ஜேபெக்கா ஒண்ணு வாங்கிக்குங்க. ஸ்கேனருக்கு எடுத்துட்டுப் போக முடியாத பெரிய ஃபிரேம்னா ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி வச்சு, போன் பிடிக்கிறவங்களுக்கு முன்னாடி ஒரு கருப்புத் துணியைக் கட்டி, அதுல லென்ஸ் அளவு ஓட்டை போட்டு அது வழியா எடுங்க, கண்ணாடியில மூஞ்சி தெரியாது.

இப்ப அந்தக் கலர் விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆப்புகள் கலர் மட்டும் போடுறதில்ல, முகத்தையே புதுசா வரையுது. மூக்கு கொஞ்சம் நேராகிடும், தாடையில இருந்த தழும்பு காணாமப் போயிரும், கண்ணு பெருசாயிரும். உங்க பேரனுக்கு அது தெரியாது, அவன் ஐயாவைப் பார்த்ததே இல்ல, அந்தப் படத்தைத்தான் ஐயான்னு நெனச்சு வளருவான். பட்டாளத்துப் படத்துல இன்னொரு பெரிய சிக்கல் சட்டைப் பைக்கு மேல இருக்கிற ரிப்பன். ஒவ்வொரு மெடலுக்கும் ரிப்பன் நிறம் வேற வேற, பரம்வீர் சக்ராவுக்கு முழு ஊதா, வீர் சக்ராவுக்கு பாதி நீலம் பாதி ஆரஞ்சு, சேனா மெடலுக்கு சிவப்புல நடுவுல வெள்ளைக் கோடு. கருப்பு வெள்ளையில எல்லாமே சாம்பல்தான், ஆப்புக்கு எந்த ரிப்பன்னு எப்படித் தெரியும், வாய்க்கு வந்த நிறத்தைப் போட்டுருது. விவரம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்தா ஐயா வாங்காத மெடலை மாட்டியிருக்கிற மாதிரி ஆயிரும், வாங்கினது இல்லாமலும் போயிரும். அவர் வேர்வை சிந்திச் சம்பாதிச்சதை நாமளே அழிச்சதா ஆகும் இல்லையா.

அதனால என் யோசனை இதுதான். ஸ்கேன் பண்ணினதுல தூசி, பூச்சி ஓட்டை இதை மட்டும் கையால சரி பண்ணித் தரச் சொல்லி கருப்பு வெள்ளையிலயே ஒரு பிரிண்ட் போட்டு அதை வளவுல மாட்டுங்க, ஒரிஜினலை வெளிச்சம் படாத பீரோவுல வச்சிருங்க. புது ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க, கண்ணாடியில படம் ஒட்டுறதே அந்த இடைவெளி இல்லாததாலதான். நம்ம வளவுல மழை நேரம் ஈரம் ஏறும், வெயில் நேரம் மேல இருந்து நேரா வெளிச்சம் இறங்கும், அதனால முற்றத்தைப் பார்த்த சுவரை விட்டுட்டு உள்ள தள்ளி இருக்கிற பட்டாலைப் பக்கமா மாட்டினா நல்லது.

ஃபிரேமைப் பிரிக்கிற அன்னைக்கு படத்தோட பின்பக்கத்தையும் அட்டையையும் மறக்காம போட்டோ எடுங்க. அட்டைக்குக் கீழ ஸ்டூடியோ பேர் அச்சு அழுத்தியிருக்கும், ரங்கூனா பினாங்கா பெங்களூரான்னு அதுலயே தெரிஞ்சிரும். தொப்பி பேட்ஜைப் பெருசாக்கிப் பாருங்க, கிரீடம் இருந்தா பெரும்பாலும் 1950க்கு முந்தின படம், அசோகச் சிங்கம் இருந்தா அதுக்குப் பிந்தினது. ஐயாவை ஜமேதார்னு ஊர்ல கூப்பிட்டதா சொன்னாங்கன்னா அதுவும் ஒரு தடயம்தான், அந்தப் பதவிக்குத்தான் 1965ல நாயப் சுபேதார்னு பேர் மாத்தினாங்க. கிடைச்ச விவரத்தையெல்லாம் பிரிண்டோட பின்னாடி மிருதுவான பென்சில்ல எழுதுங்க, பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். பேர், படை எண், பதவி, ரெஜிமெண்ட், ஊர், வருஷம், இவ்வளவு போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல ஃபிரேமோட அடுக்கிக் கிடக்கிற படங்களைப் பாத்திருப்பீங்க, யாரோ ஒருத்தர் வீட்டு ஐயாதான் அது, பின்னாடி பேர் இல்லாததால யாருக்கும் சொந்தமில்லாமப் போனது.

அப்பா 1962ல சேர்ந்து ஹவில்தாரா ரிட்டயர் ஆனாங்க. அவங்க மெடல் எல்லாம் கறுத்துப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவுல கிடக்கு. புளி போட்டு விளக்கி, கம்மல் பெட்டி மாதிரி வெல்வெட்ல ஒட்டி ஃபிரேம் பண்ணலாமா? எது எந்த மெடல்னும் தெரியல. (வாசகர், கல்லல்)

தம்பி, புளி, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் தொடக் கூடாது. மெடலோட விளிம்பை, அதாவது காசுக்குப் பல் இருக்கிற இடத்தை, வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. அங்க இங்கிலீஷ்ல பொடி எழுத்துல உங்க அப்பாவோட படை எண், பதவி, பேர் வெட்டியிருக்கும். நம்ம ஊர்ல சீர் பாத்திரத்துல பேர் வெட்டுற வழக்கம் எல்லாருக்கும் தெரியும், வருஷக்கணக்கா தேய்ச்ச அண்டாவுல அந்தப் பேர் எப்படி மழுங்கிப் போயிருக்குன்னும் பாத்திருப்பீங்க, மெடல்லயும் அதேதான் நடக்கும். எண்ணும் பேரும் போயிட்டா அது யாரோட மெடலும் ஆகலாம். மிருதுவான காஞ்ச துணியால தூசி தட்டுங்க, போதும், அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். ரிப்பனைத் துவைக்காதீங்க, சாயம் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இறங்கிரும்.

எது எந்த மெடல்னு கண்டுபிடிக்கிறது நீங்க நெனக்கிற அளவு கஷ்டம் இல்ல. பெரும்பாலானதுல பேரே பொறிச்சிருக்கும். சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் ரெண்டும் 1965 யுத்தத்துக்கானது, சமர் சேவா இருந்தா சண்டை நடந்த பகுதியிலயே இருந்திருக்காங்கன்னு எடுத்துக்கலாம். 1971க்கு பூர்வி ஸ்டார்னா கிழக்கு, அதாவது இப்பத்த பங்களாதேஷ் பக்கம், பஸ்சிமி ஸ்டார்னா மேற்கு எல்லை. சங்க்ராம் மெடல் அந்த யுத்த நேரத்துல சர்வீஸ்ல இருந்தவங்களுக்கு பரவலா குடுத்தது. சைன்ய சேவா மெடல் இருந்தா ரிப்பன் மேல ஒரு சின்னப் பட்டை குத்தியிருக்கான்னு பாருங்க, ஜம்மு காஷ்மீர், நேஃபா (இப்பத்த அருணாசலப் பிரதேசம்), ஹிமாலயான்னு இடத்தோட பேர் இருக்கும், எங்க வேலை பார்த்தாங்கன்னு நேராவே சொல்லிடும். 1972ல சுதந்திரத்தோட 25வது வருஷத்துக்கு ஒரு மெடல், அப்புறம் 9 வருஷ சர்வீஸ், 20 வருஷ சர்வீஸ் மெடல்கள். இவ்வளவும் டப்பாவுக்குள்ள இருந்தா உங்க அப்பாவோட வாழ்க்கைக் கதை பாதி அங்கயே இருக்கு, மீதிப் பாதி சர்வீஸ் முடிச்சு வரும்போது குடுக்கிற டிஸ்சார்ஜ் புக்ல இருக்கும், அதைத் தேடி எடுங்க.

ஃபிரேம் பண்ணும்போது பசை, குளூகன், டபுள் டேப் எதுவும் கூடாது. ஆழமான பெட்டி ஃபிரேம் வாங்கி, காட்டன் துணி போர்த்தின போர்டுல ரிப்பனோட பின்பக்கம் ரெண்டு தையல் போட்டு நிறுத்துங்க, நாளைக்கு வேணும்னா நூலை வெட்டி எடுத்துரலாம். வரிசை அப்பாவோட பழைய யூனிஃபார்ம் படத்துல ரிப்பன் எப்படி இருக்கோ அதே வரிசை, அழகுக்காகப் பெருசு நடுவுல சின்னது ஓரத்துலன்னு மாத்தாதீங்க. மெடல்களை ஒட்டின மாதிரி டிஸ்சார்ஜ் புக்கோட முதல் பக்க காப்பியை வைக்கலாம், ஒரிஜினலை வேண்டாம். ஏதாவது மெடல் தொலைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அந்த ரெஜிமெண்டோட ரெக்கார்ட் ஆபீசுக்கு படை எண் போட்டு எழுதிக் கேளுங்க, மெட்ராஸ் ரெஜிமெண்டுன்னா குன்னூர் பக்கத்துல வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ்னா பெங்களூர். சிவகங்கையில இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா கடிதம் எப்படி எழுதணும்னு சொல்லுவாங்க. கடையில கிடைக்கிற டூப்ளிகேட்டை வாங்கி இடத்தை நிரப்புறதை விட அந்த இடம் காலியா இருக்கிறது மேல்.

மெடலும் படமும் வச்சிருக்கிற பெட்டியில அந்துருண்டை போடலாமா? (வாசகி, புதுவயல்)

படத்தோட ஒரே பெட்டியில வேண்டாம்மா. வசம்பை துணியில முடிஞ்சு மூலையில போடுங்க, படத்துல படாம. ஆடி, ஐப்பசின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறதுதான் எல்லாத்தையும் விட நல்ல மருந்து. ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட் இருக்கிற பழைய ஆல்பத்துல படம் இருந்தா மெதுவா வெளிய எடுத்துருங்க.

என் வீட்டுக்காரர் சர்வீஸ் முடிச்சு அடுத்த மாசம் ஊருக்கு வர்றாங்க. காரைக்குடி ஸ்டேஷன்ல இருந்து மேளத்தோட கூட்டிட்டு வரணும், ஃபிளெக்ஸ் வைக்கணும், தேசியக்கொடி மாதிரி கேக், பிள்ளைகளுக்கு ஆர்மி டிரெஸ், வர்றவங்களுக்கு கொடி போட்ட தலகாணி உறை ரிட்டன் கிஃப்ட்னு கொழுந்தனாரு பெரிய லிஸ்ட் போட்டிருக்காரு. இதுல எது சரி எது தப்புன்னு பயமா இருக்கு. (வாசகி, பள்ளத்தூர்)

மேளம் தாராளமா வைங்கம்மா, அவர் வந்து இறங்குற அந்த நாள் உங்க குடும்பத்துக்குக் கல்யாண நாள்தான். தலகாணி உறையை மட்டும் உடனே நிறுத்துங்க, 2002 கொடிச் சட்ட விதிகள்ல தலையணை, கைக்குட்டை, நாப்கின் இதுல கொடியை அச்சடிக்கவோ எம்பிராய்டரி பண்ணவோ கூடாதுன்னு நேராவே சொல்லியிருக்கு. கொடி மேல எழுத்து எழுதறதும் கூடாது, அதனால ஃபிளெக்ஸ்ல கொடியைப் பின்னணியாப் போட்டு அதுக்கு மேல பேரைப் போடுற டிசைனும் வேண்டாம். கேக் விஷயத்துல 2021ல சென்னை உயர் நீதிமன்றம், கொடி போட்ட கேக்கை வெட்டினது குற்றமாகாதுன்னு ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால பயம் வேண்டாம், ஆனா கொடிக்குக் கீழ நின்னு இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன் கையில கத்தியைக் குடுத்து அதை வெட்டச் சொல்றது எனக்கு மனசு ஒப்பல. ரெஜிமெண்ட் பேரை எழுதி சாதா கேக் வைங்களேன்.

பிள்ளைகள் ஆர்மி டிரெஸ் போட்டு நிக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல. பெரியவங்க போட்டுக்கிட்டு தன்னை சிப்பாய்னு நம்ப வைக்கிற மாதிரி நடந்தா அது பாரதிய நியாய சன்ஹிதாங்கிற தண்டனைச் சட்டத்தோட 168வது பிரிவுல குற்றம், அதனால கொழுந்தனாருக்கும் ஒரு செட் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துருங்க. உங்க வீட்டுக்காரர் வேட்டி சட்டையிலயோ கோட்டுலயோ மெடல் குத்திக்கிட்டு நிக்கட்டும், இடது நெஞ்சுல. அதுவே போதும், அதுதான் கம்பீரம்.

ஃபிளெக்ஸ் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். டிசைன் பண்ற கடையில ரெடிமேடா ஒரு மிலிட்டரி உடம்பு வச்சிருப்பாங்க, யார் வந்தாலும் தலையை மட்டும் வெட்டி அதுல ஒட்டிருவாங்க. ஹவில்தாருக்கு கையில மூணு பட்டை, கேப்டனுக்கு தோள்ல மூணு ஸ்டார், ஃபிளெக்ஸ்ல பார்த்தா ஹவில்தார் தோள்ல ஸ்டார் இருக்கும், பக்கத்துல வேற நாட்டு டாங்கி நிக்கும், கையில அவர் தொட்டே பார்க்காத துப்பாக்கி. ஊர்ல இருக்கிற மத்த எக்ஸ் சர்வீஸ்மேன் பார்த்தா உங்க வீட்டுக்காரருக்குத்தான் தலைகுனிவு. அவரோட சொந்தப் படத்தையே குடுங்க, மங்கலா இருந்தாலும் பரவால்ல, பதவியும் பேரும் அவர்கிட்டயே எழுதி வாங்கி அச்சுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிருங்க. கூட வேலை பார்த்தவங்க இன்னும் சர்வீஸ்ல இருப்பாங்க, அவங்க நிக்கிற படத்தை, இடம் தெரியுற படத்தை ஃபிளெக்ஸ்லயோ ஸ்டேட்டஸ்லயோ போடாதீங்க.

போட்டோகிராபர்கிட்ட ரெண்டு படம் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, அவர் கொண்டு வர்ற கருப்பு டிரங்குப் பெட்டியோட மூடி. வெள்ளைப் பெயிண்ட்ல எண்ணு, பதவி, பேர் எழுதியிருக்கும், எத்தனை ரயில்ல ஏத்தி இறக்கின கீறல் எல்லாம் தெரியற மாதிரி பக்கவாட்டு வெளிச்சத்துல எடுக்கணும். இன்னொண்ணு நீங்க ரெண்டு பேரும். இத்தனை வருஷம் வீட்டையும் பிள்ளைகளையும் தனியா நின்னு பார்த்துக்கிட்டது நீங்கதான், ஆனா இந்த மாதிரி விழா ஆல்பத்துல மனைவி ஆரத்தி எடுக்கிற ஒரு படத்துல மட்டும்தான் இருப்பாங்க. அப்படி விடாதீங்க. ரிட்டன் கிஃப்ட் வேணும்னா சின்னப் பித்தளை விளக்குல அவர் பேரையும் சேர்ந்த வருஷம், வந்த வருஷத்தையும் வெட்டிக் குடுங்க, காரைக்குடி பாத்திரக் கடையிலயே ஆள் இருக்காங்க.

பரண் சுத்தம் பண்ணும்போது வட்டமா ஒரு வெண்கலத் தட்டு கிடைச்சது, உள்ளங்கையை விடப் பெருசு. ஒரு பொம்பள சிலை, சிங்கம், ஓரத்துல இங்கிலீஷ் எழுத்து, நடுவுல எங்க பாட்டையா பேர். இத்தனை நாள் பானைக்கு மூடியா இருந்திருக்கு. பழைய சாமான் வாங்குறவரு நல்ல விலை தர்றேங்கிறாரு. (வாசகர், திருப்பத்தூர்)

குடுத்துராதீங்க. 1914ல ஆரம்பிச்ச முதல் உலகப்போர்ல உயிர் விட்டவங்க குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பின நினைவுத் தட்டு அது. குறுக்களவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், அந்தப் பொம்பள உருவம் பிரிட்டானியா, பிரிட்டனையே ஒரு பெண்ணா உருவகிச்சது. 13 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க, ஒவ்வொண்ணுலயும் இறந்தவரோட பேர் மட்டும் புடைப்பு எழுத்துல இருக்கும், பதவி இருக்காது, ஜெனரலா இருந்தாலும் சிப்பாயா இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு முடிவு பண்ணித்தான் அப்படிச் செஞ்சாங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அதே போர்ல மெசபடோமியாவுல, இப்பத்த ஈராக்ல, செத்தவங்களுக்காக எழுப்பின பாஸ்ரா நினைவுச் சுவர்ல வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பேர் வெட்டினாங்க, நம்ம சாதாரண சிப்பாய்களுக்கு படைப்பிரிவு வாரியா எண்ணிக்கை மட்டும் போட்டாங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021ல இதையெல்லாம் ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டது. உங்க பாட்டையா எங்க இறந்தாருன்னு தெரியாது, ஒருவேளை அவர் பேர் வேற எங்கயும் கல்லுல இல்லாமலே இருக்கலாம், உங்க பரண்ல இருந்த தட்டுல இருக்கு. அந்த ஆணையத்தோட இணையப் பதிவுல பேரைத் தேடிப் பாருங்க, இங்கிலீஷ்ல பேரை அப்ப எப்படி எழுதியிருப்பாங்கன்னு நாலஞ்சு விதமா மாத்திப் போடுங்க, அப்பா பேரையும் ஊரையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்க.

தட்டை விளக்காதீங்க. நல்ல வெளிச்சத்துல சாய்வா வச்சு எழுத்து தெரியற மாதிரி படம் எடுத்து சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒரு பிரிண்ட் குடுங்க, இப்படி ஒருத்தர் இருந்தாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

என் தம்பி பட்டாளத்துல இறந்துட்டான். அடக்கத்தன்னைக்கு மேல போர்த்தியிருந்த கொடியை மடிச்சு அம்மா கையில குடுத்தாங்க. அம்மா அதை சாமி ரூம்ல வச்சு தினம் மஞ்சள் குங்குமம் வைக்கிறாங்க, கறை படுது. அவங்ககிட்ட சொல்ல மனசு வரல. அவன் படமும் தனியா இல்ல, குரூப் போட்டோதான். (வாசகி, சிங்கம்புணரி)

அம்மாவைத் தடுக்காதீங்கம்மா. பொட்டு வைக்கிற பழக்கம் அப்படியே இருக்கட்டும், இடத்தை மட்டும் மாத்துங்க. கொடியை ஒரு கண்ணாடி மூடி போட்ட மரப் பெட்டிக்குள்ள வச்சு, பெட்டிக்கு முன்னாடி பொட்டு, பூ வைக்கச் சொல்லுங்க. நம்ம காரைக்குடி ஆசாரிங்ககிட்ட சொன்னா தேக்குல அழகா செஞ்சு தருவாங்க. கொடியை மடிக்கிற முறை, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்குக் கீழ மடக்கி, அப்புறம் ரெண்டு ஓரத்தையும் உள்ள மடிச்சா அசோகச் சக்கரமும் காவி, பச்சையில கொஞ்சமும் மட்டும் மேல தெரியும். உள்ள துவைச்ச வெள்ளைக் காட்டன் விரிச்சு அதுல வைங்க. இப்ப பட்டிருக்கிற கறையைத் துவைக்க வேண்டாம், அதுவும் அம்மா கை பட்டதுதானே.

குரூப் போட்டோவுல இருந்து தம்பியை வெட்டாதீங்க. கத்தரிக்கோல் வைக்கவே வேண்டாம், ஸ்கேன் பண்ணி அவன் முகத்தை மட்டும் தனியா எடுக்கலாம், எவ்வளவு பெருசா வருமோ அவ்வளவு பெருசே போதும், உள்ளங்கை அளவு தெளிவான படம் மூணடி மங்கல் படத்தை விட நல்லா இருக்கும். முழு குரூப் படத்தையும் ஒரு பிரிண்ட் போட்டு அவனோட நின்னவங்க பேரை அவன் நண்பர்கள்கிட்ட கேட்டு எழுதி வைங்க. அந்தப் பசங்க போன்ல அவன் சிரிக்கிற படம், வீடியோ, குரல் இருக்கும், அதை இப்பவே கேட்டு வாங்குங்க, போன் மாத்தும்போது போயிரும்.

அவன் களத்துல உயிர் விட்டிருந்தா டெல்லியில 2019 பிப்ரவரி 25ல திறந்த தேசியப் போர் நினைவிடத்துல, தியாகச் சக்கரம்னு சொல்ற சுத்துச் சுவர்ல ஒரு கிரானைட் கல்லு அவனுக்கு இருக்கணும், பொன் நிற எழுத்துல பேர். அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. முடியாட்டி அங்க இருக்கிற அவன் நண்பர் யாரையாவது அந்தக் கல்லை மட்டும் நேரா நின்னு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்தப் பெட்டியில கொடிக்குப் பக்கத்துல வைக்க அதைவிடப் பொருத்தமானது வேற இல்ல.

எங்க ஐயா மலேயாவுல வட்டிக்கடையில கணக்கெழுதப் போய் நேதாஜி படையில சேர்ந்தாகன்னு அப்பத்தா சொல்லுவாக. ஒரு படம்கூட இல்ல. எதை வச்சு நினைவு வைக்கிறது? (வாசகர், கண்டனூர்)

படம் இல்லாட்டியும் கையெழுத்து இருக்கும், தேடுங்க. பேரேடு, ஊருக்குப் போட்ட கடுதாசி, கப்பல் டிக்கெட், சின்னத் துண்டுச் சீட்டு எதுவா இருந்தாலும் சரி. ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், சம்பந்தப்பட்ட கோப்புகள் டெல்லியில தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, அவங்களோட அபிலேக் படல் இணையத்துல தேடலாம். தியாகி பென்ஷனுக்கு எப்பவாவது மனு போட்டிருந்தா அந்த மனுவோட நகல்லயே எந்த கேம்ப், எந்த வருஷம்னு அவர் வாயால சொன்னது எழுத்துல இருக்கும், வீட்டுப் பத்திரக் கட்டுல பாருங்க.

1943 அக்டோபர் 21ல சிங்கப்பூர்ல நேதாஜி ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசாங்கத்தை அறிவிச்சப்ப அங்க ரப்பர் தோட்டத்துலயும் கடையிலயும் இருந்த நம்ம தமிழ் ஜனம் ஆயிரக்கணக்குல சேர்ந்துச்சு, அதுல பல பேருக்கு படம் எடுத்துக்க வசதியோ நேரமோ கிடையாது. ஒண்ணு மட்டும் கவனம், அதே பர்மா சண்டையில எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையிலயும் நம்ம ஊர்க்காரங்க இருந்தாங்க, ரங்கூனுக்கு வடக்க தாக்கியான்ல இருக்கிற நினைவுத் தூண்கள்ல பேர் வெட்டியிருக்கிற கிட்டத்தட்ட 27,000 பேரும் அந்தப் பிரிட்டிஷ் பக்கத்தவங்கதான், ஐ.என்.ஏ.காரங்களை அங்க தேடிப் பிரயோஜனம் இல்ல. மணிப்பூர்ல மொய்ராங்ல ஐ.என்.ஏ. கொடி ஏத்தின இடத்துல மியூசியம் இருக்கு, அந்தப் பக்கம் போனா ஒரு படம் எடுத்துட்டு வாங்க. வேற யாரோ ஒரு ஐ.என்.ஏ. வீரர் படத்தை இணையத்துல எடுத்து ஐயான்னு மாட்ட மட்டும் வேண்டாம். அப்பத்தா சொன்னதை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதி, ஐயா கையெழுத்தோட ஒரு ஃபிரேம் போடுங்க.

எங்க தாத்தாவுக்கு 84 வயசு, 71 யுத்தத்துல இருந்தவங்க. நல்லா ஒரு படம் எடுக்கணும்னு ஆசை. ஸ்டூடியோவுக்கு வர மாட்டேங்கிறாங்க, "என்னத்தடா பெருசா பண்ணிட்டேன்"ங்கிறாங்க. (கல்லூரி மாணவர், கானாடுகாத்தான்)

தம்பி, இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல இதைப் படிச்சதும்தான் மனசு நெறஞ்சது, ஏன்னா மத்த எல்லாரும் போனவங்களைப் பத்திக் கேக்கிறாங்க, உங்க கையில ஆளே இருக்காங்க. ஸ்டூடியோவே வேண்டாம், உங்க ஊர் வீடுகள்ல வளவுல காலையில ஒன்பது மணிக்கு இறங்குற வெளிச்சத்துக்கு எந்த ஸ்டூடியோ லைட்டும் ஈடு இல்ல. முற்றத்துக்கு நேர் கீழ உக்கார வைக்காதீங்க, கண்ணுக்குக் குழி விழுந்த மாதிரி நிழல் வரும். ஒரு தூண் தள்ளி நிழல்ல நாற்காலி போட்டு முகம் முற்றத்தைப் பார்த்த மாதிரி திருப்புங்க, ஆத்தங்குடிக் கல்லுத் தரை வெளிச்சத்தைக் கீழ இருந்து லேசா தூக்கிக் குடுக்கும். பின்னாடி இருட்டான பட்டாலை இருந்தா போதும், திரை எதுவும் வேண்டாம். போன்லயே எடுக்கலாம், அழகு ஃபில்டரை மட்டும் அணைச்சிருங்க, சுருக்கம் ஒண்ணுகூட போகக் கூடாது.

"படம் எடுக்கிறேன்"னு சொல்லாதீங்க. டிரங்குப் பெட்டியைத் திறந்து வச்சு ஏதாவது ஒரு சாமானைக் கையில குடுத்து இது என்னதுன்னு கேளுங்க. பழைய இன்லாண்ட் லெட்டர் இருந்தா நல்லது, அனுப்புநர் இடத்துல ஊர் பேரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. இல்லாட்டி 99 ஏ.பி.ஓ.ன்னு ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும், இது எங்க இருந்து எழுதினீங்கன்னு கேளுங்க, பேச ஆரம்பிச்சிருவாங்க. அப்ப கையை எடுங்க, முகத்தை எடுங்க, ரெக்கார்டரை ஓட விட்டுட்டு நடுவுல பேசாம இருங்க. கூட இருந்து திரும்பி வராதவங்க பேர் வந்தா ஊரோட கேட்டு எழுதிக்குங்க, அவங்க வீட்ல படம் இருக்கான்னு யாருக்குத் தெரியும். கண் கலங்கினா கேமராவைக் கீழ வச்சிருங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

பிரிண்ட் 12க்கு 18 இன்ச்ல, பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல ரெண்டு போடுங்க, ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு அவர் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறதுல பேர், பதவி, ரெஜிமெண்ட், எந்த வருஷம் எட்டாவது படிச்சாங்கங்கிறதையும் சேர்த்து எழுதிக் குடுங்க. டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், அன்னைக்குத் தாத்தாவையே கூட்டிட்டுப் போய்க் குடுத்தா இன்னும் நல்லது. அவர் பேசின பதிவை எழுத்தாக்கினதும் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க, அவர் சம்மதிச்சா இந்தப் பக்கத்துலயே போடுறோம்.